மேடையை எப்போது விடுவது? வயதைத் தவிர வேறு அளவுகோல் உண்டா?

பக்கவாத்தியம்:

எழுபதைத் தாண்டிய பாடகரோ வாத்தியக்காரரோ மேடையை விட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? வயது அளவாகாது. பியானோ கலைஞர் ஆல்ஃபிரட் பிரெண்டல் 2008 டிசம்பரில், 77 வயதில், நல்ல நிலையில் இருக்கும்போதே வியன்னாவில் கடைசிக் கச்சேரி செய்து முடித்துக்கொண்டார். ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1976 வரை, 89 வயது வரை வாசித்தார். அவரை நிறுத்தியது விரல் அல்ல, பார்வை.

கைதட்டலும் அளவாகாது. வயதானவர் மேடையேறினாலே அரங்கம் எழுந்து நின்று தட்டுகிறது. கூட வாசிப்பவர்களும் உண்மையைச் சொல்வதில்லை. சுருதி நழுவினால் வயலின் மூடிவிடுகிறது, தாளம் நழுவினால் மிருதங்கம் வளைந்துகொடுக்கிறது. ஆக, சம்பந்தப்பட்டவருக்கே தன் நிலை தெரியாமல் போகிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை: எந்தக் குறையைச் சரிசெய்து தொடரலாம், எதற்கு மேல் தொடரக் கூடாது? அதை ஒழுங்காகக் கணக்கெடுக்கும் முறை என்ன? கடைசியில் அவரிடம் யார், எப்படிச் சொல்வது?

குரல்நாண்:

குரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குரல் மெலிந்து காற்றுக் கலந்து வந்தால் எல்லோரும் உடனே வயதைக் காரணம் சொல்கிறார்கள். முதுமை, நோய், மருந்து மூன்றுமே காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். இதில் பின்னிரண்டையும் பெரும்பாலும் சரிசெய்யலாம். எனவே காதை மட்டும் நம்பி ஓய்வு கொடுத்துவிடாதீர்கள்.

முதுமையில் குரல்நாண்களின் தசை மெலிந்து, விளிம்பு உள்வாங்கி வளைகிறது. இரண்டும் சேரும்போது நடுவில் ஓர் இடுக்கு மிச்சமாகிறது. காற்று அதன் வழியே வீணாவதால் நீண்ட சுரம் நிற்காது. வாக்கியத்தின் நடுவில் மூச்சு எடுக்க வேண்டிவரும். முதலில் போவது உரத்த குரல் அல்ல. மேல் சுரங்களை மெல்லப் பாடும் திறமைதான் முதலில் போகும். தார ஸ்தாயியை (மேல் சுரங்களை) எப்போதும் முழுத் தொண்டையில் மட்டுமே பிடிக்கிறார் என்றால் உஷாராகிவிடுங்கள். கேட்பவர்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொள்வதுதான் வேடிக்கை.

இன்னொன்று நீண்ட சுரத்தில் வரும் அசைவு. பயிற்சி பெற்ற குரலில் வைப்ரேட்டோ நொடிக்கு 5 முதல் 7 முறை அசையும். வயதாகும்போது அது மெதுவாகி, அகலமாகி, எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்றே தெரியாமல் ஆடும். வைப்ரேட்டோ இல்லாத பாணிகளில் இதே குறை, நேராக நிற்க வேண்டிய சுரம் நடுங்குவதாக வெளிப்படும்.

மாதம் ஒருமுறை வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை: நன்றாக மூச்சிழுத்து, வசதியான சுருதியில் ‘ஆ’ என்று முடிந்தவரை நீட்டுங்கள். மூன்று முறை செய்து, அதிக நேரம் நின்றதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக 15 முதல் 25 விநாடி நிற்கும். 10க்குக் கீழே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்து ‘ஸ்ஸ்’ என்று வெறும் காற்றாக எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பிறகு நாக்கை அதே இடத்தில் வைத்து, குரல் சேர்த்து, வண்டு ரீங்கரிப்பதுபோல் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ‘ஸ்ஸ்’ நேரத்தை ரீங்கார நேரத்தால் வகுத்தால் 1க்குப் பக்கத்தில் வர வேண்டும். 1.4ஐத் தாண்டினால் குரல்நாண் சரியாகச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம். இரண்டுமே குறைவாக வந்து, விகிதம் 1ஆகவே இருந்தால் கோளாறு மூச்சில். தொண்டையை நோண்டிப் பயனில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி (விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் குரல்நாணைப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். சாதாரண எண்டோஸ்கோப்பியில் குரல்நாணின் அதிர்வு தெரியாது. வெறும் மெலிவுதான் என்று தெரிந்தால் முதல் வழி குரல் பயிற்சி. ஒவ்வொரு பயிற்சியையும் இரண்டு முறை, காலையும் மாலையும், 6 முதல் 8 வாரம் செய்தால்தான் பலன் தெரியும். பத்து நாளில் விட்டுவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்கள்தான் அதிகம். பயிற்சி போதாவிட்டால் குரல்நாணில் ஊசி மூலம் நிரப்பி இடுக்கைக் குறைக்கலாம். அது நிரந்தரமல்ல, சில மாதங்களில் கரையும். அதனால்தான் முதலில் அதைச் செய்து பார்ப்பது நல்லது. பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்கே வந்துவிடும்.

மருந்துப் பட்டியலையும் எடுத்துப் போங்கள். ஒவ்வாமைக்கான ஆன்டிஹிஸ்டமின், சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை இரண்டும் தொண்டையை உலர்த்தும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாபிரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். அவற்றுக்கு மாற்று உண்டு. ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு குரலைக் கரகரக்க வைக்கும். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும். எதையும் தானாக நிறுத்தாமல், குரல்தான் தொழில் என்று மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சுருதி இறக்குவதைப் பலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, ஆனால் கணக்கு உண்டு. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் குரல்நாண் சற்றுத் தடித்துக் குரல் இறங்குவதால், சுருதியை அரை அல்லது ஒரு கட்டை குறைத்தால் மந்திர ஸ்தாயியும் (கீழ்ச் சுரங்களும்) நன்றாகவே பேசும். ஆண்களில் பலருக்கு நாண் மெலிந்து குரல் மேலே ஏறும். அவர்கள் மேல் சுரத்துக்காகச் சுருதியை இறக்கினால் மந்திர ஸ்தாயி காணாமல் போகும். அவர்களுக்குச் சுருதியைவிடப் பாட்டை மாற்றுவதே வழி. இரு கோடியையும் பாடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒலிப்பலகை:

குரலுக்கு முன்னால் காதைப் பரிசோதியுங்கள் என்பது என் கட்சி. சுருதி விலகல் என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு தொண்டையில் இல்லை, காதிலும் மானிட்டரிலும் (கலைஞர் தன் ஒலியைத் தானே கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கியிலும்) இருக்கிறது.

முதலில் போவது உயர் அதிர்வெண். அது கேட்காததால் கலைஞர் ‘இன்னும் கொஞ்சம் கூர்மையாக வை’ என்பார். வைத்தால் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது கூசும். மானிட்டருக்கும் அரங்கத்துக்கும் தனித்தனிக் கலவை இல்லாத இடத்தில் இது கட்டாயம் நடக்கும். அடுத்தது, ஒரு காதுக்கும் மறு காதுக்கும் சுருதி வேறாகக் கேட்பது. பியானோ கலைஞர் ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டருக்கு முதுமையில் சுரங்கள் இருக்க வேண்டியதைவிட மேலே கேட்டன. அவரைப் போன்ற முழுமையான சுரஞானம் உள்ளவர்களுக்கு இது பெரிய வேதனை. பாடகருக்கு இப்படி நேர்ந்தால் தம்புராவோடு சேராமல் பாடுவார், கேட்டால் ‘தம்புராதான் தப்பு’ என்பார். அதில் பொய் இல்லை. அவர் காதில் அப்படித்தான் விழுகிறது.

காது கேட்கும் கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அதே அமைப்போடு மேடை ஏறினால் நீண்ட சுரத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். புல்லாங்குழலை விசில் என்று நினைத்துச் சிதைக்கும். ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேள்திறன் நிபுணரிடம்) சொல்லி இசைக்கென்று தனி அமைப்பு போட்டுக்கொள்ள வேண்டும். அதில் இரைச்சல் குறைப்பு, விசில் தடுப்பு, உயர் ஒலியைக் கீழே இறக்கும் வசதி மூன்றும் அணைந்திருக்க வேண்டும். ப்ளூடூத் வழியாக மானிட்டர் கேட்க நினைக்க வேண்டாம். தாமதம் தாளத்தைக் கெடுக்கும்.

காதுக்குள் வைக்கும் மானிட்டர் போட்டால் இரண்டு காதிலும் போடுங்கள். ஒன்றைக் கழற்றிவிட்டால் மற்றதில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பாதுகாப்புக் கணக்கு; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், ஆக 94இல் 1 மணி நேரம்தான். மிச்சமிருக்கும் கேள்திறனையும் மேடையிலேயே தொலைத்துவிடக் கூடாது.

இத்தனையும் செய்த பிறகும் சுருதி விலகினால் குரல்நாண் சொன்ன சோதனைகளுக்குப் போங்கள்.

கடைசிவரிசை:

இவ்வளவு அளவெடுத்துத்தான் ஒரு கலைஞரை மேடையேற்ற வேண்டுமா? மக்கள் பிசகில்லாத பாட்டைக் கேட்கவா வருகிறார்கள்? அந்த மனிதரைக் கேட்க வருகிறார்கள். 2022 மார்ச்சில் லண்டனில் ஜெனிசிஸ் ராக் குழுவின் கடைசி நிகழ்ச்சியில் ஃபில் காலின்ஸ் உட்கார்ந்தபடியே பாடினார், டிரம்ஸில் அவர் மகன். தான் இனி டிரம்ஸ் வாசிக்க முடியாது என்பதை அவர் முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். டிக்கெட் வாங்கியவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும். என் அளவுகோல் இது ஒன்றுதான்: உள்ளதைச் சொல்லி விற்றால் எந்த வயதிலும் பாடலாம். பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பதாக இருந்தால் நாற்பதிலேயே நிறுத்தலாம்.

மூன்றாம்காலம்:

கடைசிவரிசை சொல்வதில் பாதி சரி. கேட்பவருக்குச் சம்மதம் என்பதால் வாசிப்பவரின் கைக்கு ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை.

வாத்தியக்காரர்களுக்கு வேகம்தான் முதலில் குறையும். குறைந்த வேகத்தை மறைக்க இரண்டு கெட்ட வழிகள் உண்டு: கையை இறுக்குவது, அல்லது சுரங்களை விழுங்குவது. முதல் வழியில் வலி வரும், இரண்டாவதில் பெயர் கெடும். நல்ல வழி முதியவர்களுக்குத் தெரியும். ரூபின்ஸ்டைன் கடைப்பிடித்ததாகச் சொல்லப்படும் முறை இது: குறைந்த உருப்படிகள், அவற்றுக்கு அதிகப் பயிற்சி, வேகமான பகுதிக்கு முந்தையதை இன்னும் நிதானமாக வாசித்து அடுத்தது வேகமாகத் தோன்றும்படி செய்வது. பிரெண்டலும் ஓய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பே உடலை வாட்டும் பெரிய படைப்புகளைக் கைவிட்டிருந்தார். முதலில் விட வேண்டியது உருப்படியை. மேடை அதற்கு அப்புறம்.

கையில் வருவது என்ன என்று கண்டுபிடிப்பது முக்கியம். கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் என்றால் மூட்டைத் தாங்கும் பட்டை, மருந்து, வாத்தியத்தைப் பிடிக்கும் கோணம் என்று பல ஆண்டு ஓட்டலாம். வலியே இல்லாமல், குறிப்பிட்ட ஒரு வாசிப்பில் மட்டும் விரல் தானாகச் சுருண்டால் அது டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறு. அதிகமாகச் சாதகம் செய்தால் மோசமாகும். பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960களில் வலக்கை போனது இதனால்தான், போட்டுலினம் ஊசி போட்டு இரு கையாலும் வாசிக்கத் திரும்ப 1990கள் ஆயிற்று. வயலின் வில்லைத் தூக்கும்போது கை நடுங்கினால் நரம்பியல் மருத்துவர். நடுக்கத்துக்குத் தரும் புரொப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மற்றவர்களும் முதல் மாத்திரையைக் கச்சேரி நாளில் போடக் கூடாது, ஒத்திகையில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கம்பி வாத்தியத்தில் அரைச் சுரம் சுருதி இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். விரல் நுனிக்கு அது பெரிய நிம்மதி. ஒரேயடியாக இறக்கினால் கம்பி தளர்ந்து அதிரும்; ஒரு சுரத்துக்கு மேல் இறக்குவதானால் கம்பியின் தடிமனையும் மாற்ற வேண்டும். ஊதுபவர்களுக்குப் பல்தான் எல்லாம். முன்பல் ஒன்று போனாலே உதட்டுப் பிடிப்பு மாறிவிடும், அதனால் பல் இருக்கும்போதே அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் அழுத்தி ஊதும் வாத்தியம் என்றால் கண் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஊதும்போது கண்ணழுத்தம் ஏறும்.

நிகழ்ச்சி அமைப்பில் செய்யக்கூடியது நிறைய. இரண்டரை மணி நேரத்தை 75 முதல் 90 நிமிடமாக்குங்கள். கடினமான உருப்படியைத் தொடக்கத்திலும் வைக்காதீர்கள், கடைசியிலும் வைக்காதீர்கள். 20 நிமிடம் கழித்து, உடம்பு சூடேறிய பின், களைப்பதற்கு முன் வையுங்கள். இரண்டு கச்சேரிக்கு நடுவில் மூன்று நாளாவது இடைவெளி வேண்டும். தரையில் உட்கார்ந்து பாடுபவர் முடிந்ததும் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். திரை மூடியபின் ஒரு நிமிடம் கால் நீட்டி உட்கார வைத்துவிட்டு எழுப்புங்கள். மேடைப் படியில் விழுந்து ஓய்வு பெற்றவர்கள், குரல் போய் ஓய்வு பெற்றவர்களைவிடக் குறைவாக இருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

பக்கவாத்தியம்:

மிக்க நன்றி. ஞாபகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சாகித்யம் (பாட்டின் வரிகள்) மறப்பது முதுமையா, நோயா? கணக்கெடுக்கும் முறையும், யார் சொல்வது என்பதும் பாக்கி.

திரைக்குப்பின்:

சாகித்யத்தில் ஒரு சொல் தவறுவது எல்லா வயதிலும் உண்டு. தவறிய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏதோ ஒரு அசையை நிரப்பி அடுத்த ஆவர்த்தத்தில் (தாளச் சுற்றில்) சேர்ந்துகொண்டால் அது சாதாரண மறதி. சேர முடியாமல் நின்றுவிடுவது, ஏற்கெனவே பாடி முடித்ததை அதே மாலையில் மறுபடி தொடங்குவது, தாளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பக்கவாத்தியத்தைப் பார்ப்பது, இடைவேளைக்குப் பிறகு எந்த ஊர் அரங்கம் என்று கேட்பது: இவை வேறு. இவற்றில் ஒன்று இரண்டாம் முறை நடந்தால், அடுத்த நிகழ்ச்சிக்குத் தேதி கொடுப்பதற்கு முன் நரம்பியல் மருத்துவர்.

நோய் என்று தெரிந்தாலும் உடனே எல்லாம் முடிந்துவிடாது. அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டுக்கு அல்சைமர் (மறதி நோய்) என்பது 2016இல் தெரிந்தது. குடும்பம் 2021 பிப்ரவரியில் வெளியே சொன்னது. அந்த ஆகஸ்டில், 95 வயதில், நியூயார்க்கில் இரண்டு நிகழ்ச்சிகளில் பாடிவிட்டு மேடையை விட்டார். பல ஆண்டு பாடிப் பழகியது மற்ற ஞாபகம் போன பிறகும் நிற்கும். அதற்காகத் தொடரலாம் என்று நான் சொல்லவில்லை. ‘பாட வேண்டுமா’ என்று கேட்டால் இன்றும் நாளையும் ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அவர் சம்மதத்தில் மேடை ஏறவில்லை, யாரோ ஏற்றுகிறார்கள்.

வெறும் மறதிக்கு வரிகளைக் காட்டும் திரையோ புத்தகமோ போதும். ரிக்டர் பின்னாட்களில் புத்தகத்தை வைத்துத்தான் வாசித்தார். திரையில் வரிகளைத் தானாக ஓடவிடாதீர்கள். அவர் ஒரு சரணத்தைத் தாண்டினால் திரை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போகும். ஆள் ஒருவர் கையால் நகர்த்த வேண்டும். ஒரு சரணம், அதன் கீழே அடுத்ததன் முதல் வரி, அவ்வளவுதான் திரையில். படிக்கும் கண்ணாடி 40 சென்டிமீட்டருக்கானது. திரை 2 மீட்டரில் இருந்தால் அதனால் பயனில்லை. உட்காரும் இடத்திலிருந்து நாடாவால் அளந்து, அந்தத் தூரத்துக்கு ஒற்றைப் பவர் கண்ணாடி போடச் சொல்லுங்கள்.

கணக்கெடுப்பு இப்படி. அடுத்தடுத்த மூன்று கச்சேரிகளை மேடை ஒலிப்பலகையிலிருந்து நேராகப் பதிவு செய்யுங்கள், குரல் தனித் தடத்தில். அரங்கப் பதிவில் மற்ற வாத்தியங்கள் குறையை மூடிவிடும். இரண்டு வாரம் கழித்துக் கேளுங்கள், கச்சேரி நாளின் உற்சாகம் வடிந்த பிறகு. நான்கைக் குறியுங்கள்: சுருதி விலகி நின்ற நீண்ட சுரங்கள், நின்றுபோன இடங்கள், ஐந்து ஆண்டுக்கு முந்தைய பதிவோடு ஒப்பிட்டால் வேகம், கச்சேரிக்குப் பிறகு உடம்பு தேற எத்தனை நாள். ஒரு கச்சேரியில் மட்டும் மோசம் என்றால் சளியோ தூக்கமோ. மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே குறை என்றால் மேலே நண்பர்கள் சொன்ன மாற்றங்களைச் செய்து இன்னும் மூன்று பாருங்கள். மாற்றிய பிறகும் குறை கூடுகிறது, அல்லது தேறுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால் பொதுமேடை போதும். சிறிய அவை, பதிவு, பாடம் சொல்வது எல்லாம் பாக்கி இருக்கும்.

யார் சொல்வது? அவருடைய வருமானத்தில் பங்கில்லாத ஒருவர். மகன், மேலாளர், ஏற்பாட்டாளர் மூவரும் வேண்டாம்; நிறுத்தச் சொன்னாலும் தொடரச் சொன்னாலும் காரணம் சந்தேகப்படும்படி இருக்கும். சம வயதுக் கலைஞர் ஒருவரை அவரே முன்கூட்டி, நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே நியமித்திருந்தால் மிக நல்லது: ‘நீ சொன்னால் விட்டுவிடுகிறேன்’ என்று. கச்சேரி இரவன்று சொல்லக் கூடாது, கூட்டமாகப் போய்ச் சொல்லக் கூடாது. மூன்று நாள் கழித்து, தனியாக, பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, ‘முன்பு போல இல்லை’ என்று மொட்டையாகச் சொல்லாமல் ‘இந்த மூன்று இடங்களைக் கேளுங்கள் அண்ணா’ என்று போட்டுக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். யாராவது சொல்லட்டும் என்றுதான் காத்திருப்பார்.

பக்கவாத்தியம்:

ஒப்புக்கொண்ட தேதிகள் கையில் இருக்கும்போது நிறுத்த முடிவு செய்தால்?

திரைக்குப்பின்:

எழுபதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் தேதி கொடுக்காதீர்கள். அப்போது இந்தச் சிக்கலே சின்னதாகிவிடும். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: உடல்நிலை காரணமாக 14 நாள் முன்னறிவிப்போடு விலகலாம், தன் இடத்தில் யாரை அனுப்பலாம் என்பதைக் கலைஞரே பெயர் குறிப்பிட்டு எழுதலாம். முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருங்கள். செலவழித்துவிட்டுத் திருப்பித் தர முடியாததால் பாடப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

விடைபெறும் பயணம் என்று அறிவித்து முப்பது ஊர் போவது மிக மோசமான முறை. மிகக் குறைந்த தெம்பு இருக்கும்போது மிக அதிகப் பயணம். கையில் உள்ள தேதிகளில் பக்கத்தில் இருக்கும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சீடருக்கு மாற்றிவிடுங்கள். அறிவிப்பை இரண்டாவது கச்சேரி முடிந்த மறுநாள் கொடுக்கலாம்.